கோளாறு கேமராவிலா, கூட்டிலா?

கழுகு, பருந்து, ஆந்தை ஆகியவற்றின் கூடுகளை நேரலையில் பார்க்கும் பழக்கம் திருநெல்வேலிச் சீமையிலும் வேரூன்றிவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சீரியலை நிறுத்திவிட்டுக் கலிபோர்னியாவின் வெண்தலைக் கழுகைப் பார்க்க உட்காரும் அத்தைமார் என் உறவிலேயே இருக்கிறார்கள். படம் சரியாக வராவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும். வரும் புகார்களைக் குறிகளின்படி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன பார்ப்பது, என்ன செய்வது என்று இங்கே தருகிறேன். எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு உங்கள் போனிலா, அங்குள்ள கேமராவிலா, அல்லது பறவை தன் வேலையைச் செய்வதைத்தான் நாம் கோளாறு என்கிறோமா? மூன்றாவது வகையே அதிகம். அதற்கு ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

“திரை முழுக்க இருட்டாக இருக்கிறது”

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உங்களுடையதை அல்ல, கூடு இருக்கும் ஊரின் கடிகாரத்தை. கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கரையில் ஜாக்கி, ஷேடோ என்ற கழுகு இணையின் கூடு நம் நேரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஜனவரியில் அங்கே காலை 6.45 என்றால் நமக்கு இரவு 8.15. அங்கே மாலை ஐந்து என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை ஆறரை. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்து பார்த்துவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்றால் தெரியாதுதான், அங்கே நள்ளிரவு. மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அன்று முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் பன்னிரண்டரை மணியாகக் குறையும். ‘எட்டரைக்கு வழக்கமாக இரை கொண்டு வரும், இப்போது ஏழரைக்கே வந்துவிடுகிறது’ என்று மார்ச் மாதத்தில் வரும் புகாருக்கு இதுதான் காரணம். கழுகு நேரம் மாறவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழக வளாகத்து விளக்குக் கம்பத்தில் கூடு கட்டும் செவ்வால் பருந்துக்குக் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். நமக்கு மாலை நாலரை என்றால் அங்கே காலை ஏழு. பகலில் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்கள் மெல்போர்னுக்குப் போகலாம். 367 காலின்ஸ் தெரு என்ற உயரமான கட்டடத்தின் விளிம்பில் முட்டையிடும் பொரி வல்லூறுக்கு அக்டோபரில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முந்திய கடிகாரம். காலை ஒன்பது மணிக்கு நாம் திறந்தால் அங்கே பிற்பகல் இரண்டரை, நல்ல வெளிச்சம்.

நேரம் சரியாக இருந்தும் கூட்டில் யாரும் இல்லை என்றால் மாதத்தைப் பாருங்கள். வெண்தலைக் கழுகின் கூட்டை ஆகஸ்டில் திறந்தால் வெறும் சுள்ளிதான் தெரியும். மெல்போர்ன் தென்கோளத்தில் இருப்பதால் அங்கே முட்டைக் காலம் ஆகஸ்ட், செப்டம்பர். நம் ஊர்ச் செம்பருந்துக்கு மார்கழி, தையில் தொடங்கிச் சித்திரை வரை.

“படம் அசையவே இல்லை”

பெரும்பாலான கேமராக்களில் ஒரு மூலையில் நொடிக் கடிகாரம் ஓடும். அது நகர்ந்தால் நேரலை உயிரோடு இருக்கிறது. பறவைதான் அசையாமல் இருக்கிறது. அடைகாக்கும் கழுகு மணிக்கணக்கில் அப்படியே உட்காரும். கடிகாரம் இல்லாத கேமராவில் கண்ணைப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கினால், சில நொடிக்கு ஒருமுறை வெளிறிய மெல்லிய சவ்வு ஒன்று அலகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு விழியைக் குறுக்காகத் துடைத்துவிட்டுப் போவது தெரியும். பறவைகளுக்கு இருக்கும் மூன்றாவது இமை அது. அந்த இமை அசைந்தால் உங்கள் இணையத்தில் பழுதில்லை.

கடிகாரமும் நின்றிருந்தால் இந்த வரிசையில் போங்கள். யூடியூபில் ‘நேரலை’ என்ற சொல்லுக்குப் பக்கத்துப் புள்ளி சிவப்பா, சாம்பலா? சாம்பல் என்றால் எங்கோ நிறுத்தி வைத்த இடத்திலிருந்து பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தொட்டால் நிகழ்நேரத்துக்கு வந்துவிடும். சிவப்பாக இருந்தும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் டேட்டாவைப் பாருங்கள். முழுத் தெளிவில், அதாவது 1080 பி-யில், வினாடிக்கு 4 மெகாபிட் வருவதாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஓடிவிடும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற திட்டத்தில் இருக்கிறவருக்குக் கழுகு இரையைக் கிழிக்கத் தொடங்கும்போது டேட்டா தீர்ந்துவிடும். அதன் பிறகு வரும் ஊர்கிற வேகத்தில் படம் நகராது. தெளிவை 480 பி-க்கு இறக்குங்கள். கூட்டைப் பார்க்க அது தாராளம். முட்டையின் ஓட்டில் விரிசல் தேடும் நாள்களில் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

வீட்டு வைஃபையில் நின்றால், அன்று மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளா என்று பாருங்கள். இன்வெர்ட்டரில் மின்விசிறியும் விளக்கும் ஓடும். ரௌட்டர் செருகியிருக்கும் பிளக் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்காது. அதனால் ‘கரண்ட் இருக்கிறதே, படம் மட்டும் ஏன் போயிற்று’ என்ற குழப்பம் வருகிறது.

இதெல்லாம் சரியாக இருந்து, வேறு வீடியோக்களும் நன்றாக ஓடினால், கோளாறு அங்கே. மலையுச்சிக் கூடுகளின் கேமராக்கள் பலவும் சூரிய மின்தகட்டில் ஓடுபவை. பனிப்பொழிவு இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். கூட்டில் பறவை இருக்கும்போது யாரும் மரமேறிச் சரிசெய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

“நேற்றுப் பார்த்த அதே காட்சி இன்றும் ஓடுகிறது”

இது கோளாறல்ல, ஏமாற்று. பழைய பதிவைச் சுழலவிட்டு ‘நேரலை’ என்று பெயர் வைத்துப் பார்வையாளர் கூட்டம் சேர்ப்பவர்கள் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, மேலே சொன்ன நேர வித்தியாசம். நமக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கலிபோர்னியாக் கூட்டில் பளீரென்று வெயில் அடித்தால் அது நேற்றையதோ போன வருடத்தையதோ. கேமராவை நடத்தும் அமைப்பின் பக்கத்திலிருந்தே நேரலைக்குப் போங்கள். தேடலில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். முகப்புப் படத்தில் கழுகும் பாம்பும் கட்டிப் புரள்வதாகக் காட்டும் சேனல்களை நான் திறப்பதே இல்லை.

“இரவில் நிறம் போய்விட்டது, பறவையின் கண் மின்னுகிறது”

அகச்சிவப்பு விளக்கு. இரவில் கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறும். அந்த ஒளி பறவையின் விழித்திரையில் பட்டுத் திரும்புவதால் கண் வெள்ளையாக மின்னுகிறது. ‘ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு அதைத் தூங்கவிடாமல் செய்கிறார்களே’ என்று கோபப்பட வேண்டாம். அந்த ஒளி பறவைக்குத் தெரியாது. அதற்கு அது கும்மிருட்டு.

“வெள்ளையாகப் புகை மூடியதுபோல் இருக்கிறது”

விடிகாலையில் மட்டும் என்றால் லென்ஸில் பனி. வெயில் ஏறினால் போய்விடும். இரவில் மட்டும் என்றால் சிலந்தி வலை. அகச்சிவப்பு விளக்கின் முன் பூச்சிகள் மொய்க்கும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், அது கட்டிய ஒரே ஓர் இழை லென்ஸுக்கு முன் வந்தால் விளக்கொளி அதில் பட்டுப் படம் முழுக்க வெளுத்துவிடும். பகலும் இரவும் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது எச்சம். கழுகுக் குஞ்சு கூட்டை அசுத்தம் செய்யாது. பின்பக்கமாக விளிம்புவரை நகர்ந்து, வாலைத் தூக்கி, வெகுதூரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். கேமரா அந்தத் திசையில் இருந்தால் கேமராவின் தலையெழுத்து. மழைதான் கழுவ வேண்டும்.

“சத்தம் வரவில்லை”

முதலில் யூடியூபே ஒலியை அடக்கித் தொடங்கியிருக்கும், ஒலிக்குறியைத் தொடுங்கள். அடுத்து, போன் உள் அறையில் கிடக்கும் புளூடூத் ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இரைச்சலாக வந்தால் மைக்கில் காற்று. பல கேமராக்களில் மைக்கே கிடையாது.

“முட்டையைத் தனியாக விட்டுவிட்டது”

அதிகம் போன் வருவது இதற்குத்தான். “ஐயா, பனியில் முட்டையைப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் பறந்துவிட்டதே, யாரிடமாவது சொல்லக் கூடாதா?” என்று ஓர் அத்தை கேட்டார். “அத்தை, யாரிடம் சொன்னாலும் அது வரும்போதுதான் வரும்” என்றேன். அடுத்த சில நிமிடங்களில் ஆண் கழுகு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆளை மாற்றும்போது சில நிமிட இடைவெளி விழுவது இயல்பு. கரு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும். அது தாங்காதது வெப்பம். நம் ஊர்க் கூட்டில் பங்குனி வெயிலில் தாய்ப்பருந்து முட்டைமேல் உட்காராமல் சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தால் அது அடைகாப்பதை நிறுத்திவிட்டது என்று அர்த்தமல்ல, நிழல் தருகிறது.

எந்தப் பறவை என்பதும் முக்கியம். வெண்தலைக் கழுகு முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கும். பொரி வல்லூறு அப்படியல்ல. மூன்று நான்கு முட்டையில் கடைசிக்கு முந்தியது வரும்வரை முறையாக உட்காராது. மெல்போர்னில் கூழாங்கல் பரப்பிய தட்டில் ஒற்றை முட்டை பல மணி நேரம் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் தூங்கலாம்.

இந்தக் கவலையில் நல்லதைத் தவறவிட்டுவிடாதீர்கள். திரும்பி வரும் கழுகு முட்டைக்கிண்ணத்தை நெருங்கும்போது காலைப் பாருங்கள். மீனைக் கிழிக்கும் அந்த நகங்களை உள்ளே மடக்கி, விரல் மூட்டுகளால் ஊன்றி, தள்ளாடித் தள்ளாடி முட்டையைத் தாண்டும். பிறகு அலகின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு முட்டையையும் மெல்ல உருட்டிவிட்டு, உடம்பை இடமும் வலமுமாக அசைத்தசைத்து இறங்கும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்த வெறும் தோல் இருக்கிறது. அந்தத் தோல் முட்டையில் படும்வரை அசைப்பு நிற்காது.

“நாள் கடந்தும் பொரிக்கவில்லை”

வெண்தலைக் கழுகுக்கு 35 முதல் 40 நாள், பொரி வல்லூறுக்கு ஏறத்தாழ 33 நாள், கூகை என்ற ஆந்தைக்கு ஏறத்தாழ 30 நாள். கணக்கை அந்தந்த முட்டையிலிருந்து எண்ணுங்கள். ஓட்டில் சிறு துளை விழுந்த பிறகு குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். துளை தெரிந்த இரவே கண்விழித்து உட்கார வேண்டியதில்லை.

எல்லாக் கணக்கும் கடந்துவிட்டால் முட்டை கூமுட்டையாக இருக்கலாம். 2024-ல் பிக் பேர் கூட்டில் ஜாக்கி இட்ட மூன்று முட்டைகளும் பொரிக்கவில்லை. பனி மூடிய நாள்களிலும் அது அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கணக்கு முடிந்த பிறகும் வாரக்கணக்கில் விடவில்லை. அதே இணைக்கு 2025 மார்ச்சில் மூன்று குஞ்சுகள் பொரித்தன. அவற்றில் ஒன்று பனிப்புயலில் இறந்தது. சன்னி, கிஸ்மோ என்று பெயரிடப்பட்ட மற்ற இரண்டும் பறந்துவிட்டன. கூட்டைப் பார்ப்பது என்று முடிவு செய்தால் இந்த இரண்டு வருடங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

“பெரியது சின்னதைக் கொத்துகிறது, யாரும் கேட்பாரில்லையா?”

கேட்பாரில்லை. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் வேறு வேறு நாளில் பொரிக்கின்றன. முதல் நாள் முதலே ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரை தாராளமாக வந்தால் பெரியது வயிறு நிறைந்து தூங்கும், சின்னதுக்கும் பங்கு கிடைக்கும். இரை குறைந்தால் சின்னது சாகக்கூடும். கூகைக் கூட்டில் இது இன்னும் வெளிப்படை: இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடுவதால் குஞ்சுகள் படிக்கட்டாக நிற்கும், கடைக்குட்டி எலி நிறைந்த வருடத்தில் மட்டுமே பிழைக்கும். கேமரா அமைப்புகள் இதில் தலையிடுவதில்லை. மனிதர் இழுத்துவிட்ட ஆபத்து, அதாவது குஞ்சின் காலில் சுற்றிய தூண்டில் நரம்பு போன்றது என்றால் மட்டும் சிலர் தலையிடுவதுண்டு. குழந்தைகள் உடன் பார்த்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தாய் எடுத்து வரும் இரை மீனாகவும் இருக்கலாம், உயிர் போகாத அணிலாகவும் இருக்கலாம். பார்க்க முடியாவிட்டால் திரையை மூடிவிடுவதே தீர்வு.

“குஞ்சு செத்துக் கிடக்கிறது”

பெரும்பாலும் சாகவில்லை. வயிறு முட்டத் தின்ற குஞ்சு கழுத்தை நீட்டி, சிறகை விரித்து, தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோல் பரவிக் கிடக்கும். தொண்டைக்குக் கீழே ஒரு பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தீனிப்பை, நிறைந்திருந்தால் குஞ்சு உண்டமயக்கத்தில் இருக்கிறது. முதுகு ஏறி இறங்குவதையும் கவனிக்கலாம்.

குஞ்சையே காணோம் என்றால் தாயின் மார்புக்கடியில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆன கழுகுக்குஞ்சைக் காணோம் என்றால் பறந்திருக்கும். பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தீனிக்காகக் கத்தும் சத்தம் சில வாரத்துக்குக் கேட்கும். அந்தச் சமயத்தில் மட்டும் மைக் உள்ள கேமரா உபயோகப்படுகிறது.

“நம் வீட்டிலேயே கேமரா வைத்தேன், படம் சரியில்லை”

பழைய வீட்டு மாடத்திலோ மோட்டார் அறையிலோ கூகை குடியேறினால், அல்லது தோட்டத்துத் தென்னையில் செம்பருந்து கூடு கட்டினால், ஆசை வருவது இயற்கை. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் வருகிறது. கூட்டில் முட்டை இருக்கும்போது ஏணி போட்டுக் கேமரா மாட்டுவது கூடாது. சென்ற பருவத்துக் கூடு காலியான பின், அடுத்த பருவத்துக்கு முன், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு மாட்டுங்கள். செம்பருந்து போன வருடக் கூட்டையே சீர்படுத்தித் திரும்ப வருவதுண்டு. வராமலும் போகலாம்.

இனி நம் ஊர்க்கே உரிய கோளாறுகள். மதியம் பன்னிரண்டுக்கு மேல் படம் விட்டுவிட்டு வந்தால், மேற்கு வெயிலில் கேமரா கொதிக்கிறது. மேலே ஒரு தகரமோ ஓலையோ வேய்ந்து, இடையில் காற்றுப் போக வழி விடுங்கள். ஆனி, ஆடியில் படம் ஓயாமல் நடுங்கினால் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தத் தென்மேற்குக் காற்றுக்கு முன் மூங்கில் கழியில் கட்டிய கேமரா நிற்காது. சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள், மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை வருமுன் கேபிளைக் கழற்றிவையுங்கள்; நீளமாக இழுத்த கம்பி வழியே மின்னல் ரௌட்டர்வரை வந்துவிடும்.

படம் திடீரென்று அடியோடு போனால் அணில் கடித்த இடத்தைத் தேடுங்கள். கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டிருந்தால் தேட வேண்டியிராது. இரவில் திரையை அடைத்துக்கொண்டு ஏதோ ராட்சச மிருகம் நின்றால், அது பூச்சி பிடிக்க வந்த பல்லி. கேமரா பெட்டிக்குள் சூடு இருப்பதால் எறும்பு குடியேறும். கேபிள் நுழையும் துளையைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். ஒரே கேபிளில் மின்சாரமும் இணையமும் போகிற வகை வாங்கினால் தோட்டத்தில் பிளக் தேட வேண்டாம். ஆனால் அது 100 மீட்டர்வரைதான். அதற்கு மேல் தூரம் என்றால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வேண்டும். அகச்சிவப்பு விளக்கு வாங்கும்போது 940 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 850 வகையில் லேசான சிவப்பு தெரியும். பறவையைவிடத் தெருவில் போகிறவர்கள்தான் அதைப் பார்த்து நின்று விசாரிப்பார்கள்.

கூகை என்றால் இன்னொரு தொல்லையும் வரும். ‘அது அலறினால் வீட்டுக்கு ஆகாது, விரட்டிவிடுங்கள்’ என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். வாதாடிப் பயனில்லை, இரவுப் பதிவை ஒரு தடவை காட்டுங்கள். எலியோடு வந்து இறங்கி, குஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி எலிக்குப் போவதை நெல் விதைத்தவர் எவரும் இரண்டாம் முறை பார்க்கும்போது விரட்டச் சொல்ல மாட்டார். அதே கையோடு ஆந்தை வந்து உட்கார வரப்பில் குச்சி நட்டவரும் உண்டு.

செம்பருந்துக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் கேமராவை விட்டுவிட்டு நாயையும் பூனையையும் விரட்டுங்கள். பறக்கப் பழகும் குஞ்சு என்றால் தாழ்ந்த கிளையில் வைத்து விலகிவிடலாம், தாய் வந்து ஊட்டும். இறகு முளைக்காததோ காயம் பட்டதோ என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். சோறு ஊட்டுவது அதைக் கொல்வது.

கடைசியாக, நேரலை நன்றாக ஓடத் தொடங்கியதும் ‘எந்த ஊர், எந்த மரம்’ என்று கேட்பார்கள். தாலுகாவுக்கு மேல் சொல்லாதீர்கள். படத்தின் ஓரத்தில் கோயில் கோபுரமோ கடைப்பலகையோ தெரிகிறதா என்று பார்த்துக் கோணத்தைத் திருப்புங்கள். போனில் எடுத்த படத்தைப் பகிர்வதற்கு முன் அதிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு வண்டியில் ஆள் வந்து மரத்தடியில் நின்றால் அந்தப் பருவம் அத்தோடு போய்விடும்.